அந்தந்த நாளுக்கு மட்டும்: அனால்கோ பகுதியில் ஒரு ஃபோண்டா

மெக்சிகோவின் புவெப்லா நகரத்துக்கு வரும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, நல்ல சிலே என் நொகாதா, அதாவது அக்ரூட் சாறு ஊற்றிய அடைத்த மிளகாய், எங்கே கிடைக்கும் என்றுதான். எந்த மாதம் வருகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஆகஸ்ட், செப்டம்பர் என்றால் அனால்கோ பகுதியில் இருக்கும் இந்த ஃபோண்டாவுக்கு அழைத்துப் போவேன். டிசம்பர் என்றாலும் அங்கேதான், ஆனால் ரோமெரித்தோஸ் என்ற கீரை சாப்பிட. பிப்ரவரி என்றால் சோள மாவை உறையில் மடித்து அவிக்கும் தமால். ஒவ்வொரு பண்டிகைக்கும் உரியது அந்தப் பண்டிகையின்போது மட்டும்தான் இங்கே அடுப்பில் ஏறும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் மார்ச் மாதத்தில் நொகாதா கிடைக்காது. இந்தப் பிடிவாதம்தான் இந்தக் கடையின் ருசிக்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஃபோண்டா என்பது மெக்சிகோவில் வீட்டுச் சாப்பாடு போடும் சின்ன மெஸ். மதியம் ஒரு சூப், கொஞ்சம் சோறு, அன்றைக்குச் செய்த ஒரு கறி, பீன்ஸ், தோர்தியா என்ற சூடான சோள ரொட்டி, ஒரு ஜாடிப் பழத்தண்ணீர். மற்ற நாட்களில் இதுவும் அப்படி ஒரு சாதாரண ஃபோண்டாதான். பெயர்ப்பலகை கிடையாது. நகர மையத்திலிருந்து கிழக்கே நடந்தால் சின்கோ தே மாயோ பெருஞ்சாலை வரும். அதன் அடியில்தான் பழைய சான் ஃபிரான்சிஸ்கோ ஆறு ஓடுகிறது. அதைக் கடந்து அனால்கோ தேவாலயத் தோட்டத்துக்கு வந்து, பக்கத்துச் சந்தில் திரும்பினால் நீலம் அடித்த மரக்கதவு. மதிய நேரத்தில் வெளியே ஒரு வெள்ளைப் பலகை சாய்த்து வைத்திருப்பார்கள். அதில் இன்று என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கும். அடியில் சின்னதாக, எந்தப் பண்டிகைக்கு எந்தத் தேதியிலிருந்து ஆர்டர் எடுப்பார்கள் என்றும் இருக்கும்.

உள்ளே ஏழெட்டு மேசை. பூப்போட்ட ரெக்சின் விரிப்பு. சமையலறைக்குக் கதவு இல்லாததால் மண் சட்டிகளும் அம்மிக்குப் பதிலாக அவர்கள் வைத்திருக்கும் மெத்தாத்தேயும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். சமைப்பவர் அறுபதைத் தாண்டிய ஒரு சென்யோரா (அம்மையார்). இரண்டு மகள்கள் உடன் நிற்கிறார்கள், பேரன் பரிமாறுகிறான். நான் வேலை பார்ப்பது கார் உதிரிபாகம் செய்யும் ஆலையில், தரப் பிரிவில். எங்கள் லைனில் இருக்கும் புவெப்லாப் பெண் ஒருத்திதான், "எங்க பாட்டி செய்கிற மாதிரி இங்கேதான் கிடைக்கும்" என்று சொல்லி முதலில் கூட்டி வந்தாள்.

சரி, நொகாதாவுக்கு வருவோம். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

பச்சையான பெரிய பொப்லானோ மிளகாயைத் தீயில் நேரடியாகச் சுட்டு, மூடி வைத்து வியர்க்கவிட்டு, தோலை உரித்து, விதையை எடுத்து, உள்ளே கறியும் பழங்களும் சேர்ந்த பூரணத்தை அடைக்கிறார்கள். மேலே அக்ரூட் அரைத்த வெள்ளைச் சாறு. அதன்மேல் மாதுளை முத்துக்களும் பார்ஸ்லி இலையும். பச்சை, வெள்ளை, சிவப்பு என்று மெக்சிகோ கொடியின் மூன்று நிறமும் ஒரே தட்டில் வந்துவிடும். 1821 ஆகஸ்ட் 24 அன்று, மெக்சிகோவின் சுதந்திரத்தை ஏற்கும் கோர்தோபா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு, சுதந்திரப் படைத் தலைவர் அகுஸ்தின் தே இதுர்பிதே இந்த ஊருக்கு வந்தபோது, ஆகஸ்ட் 28, அதாவது புனித அகுஸ்தினார் திருநாள், அவருடைய பெயர் நாள். அதற்காக சாந்தா மோனிகா மடத்துக் கன்னியர்கள் இதைச் செய்து பரிமாறினார்கள் என்று புவெப்லாவில் சொல்வார்கள். அந்தக் கதையை எல்லா உணவகமும் மெனு அட்டையில் அச்சடித்திருக்கும். செப்டம்பர் முழுவதையும் தேசத்தின் மாதம் என்று கொண்டாடுகிற நாட்டில் இந்த உணவு மிகச் சரியாகப் பொருந்துகிறது.

ஆனால் தேதிக்கு இன்னொரு காரணம் மரத்தில் இருக்கிறது. நொகாதாவுக்கு வேண்டியது நுவெஸ் தே கஸ்தீயா என்று அவர்கள் சொல்லும் அக்ரூட், அதுவும் புதிதாகப் பறித்தது. புதிய அக்ரூட்டில்தான் பருப்பின் மேலிருக்கும் மெல்லிய தோல் நகத்தால் உரிந்து வரும். காய்ந்துவிட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். அதை அரைத்தால் சாறு கசக்கும், நிறமும் மங்கும். புதிய அக்ரூட் வருவது இந்த இரண்டு மூன்று மாதங்களில்தான். மாதுளை பழுப்பதும் அப்போதுதான். பூரணத்துக்குப் போகும் சின்ன பனோசேரா ஆப்பிள், பால் பேரி, நாட்டு பீச் மூன்றும் விளைவதும் அப்போதே. போபோகாதெபெத்ல் எரிமலையின் அடிவாரத்தில் சான் அந்த்ரேஸ் கல்பான் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து இவையெல்லாம் கூடை கூடையாக புவெப்லாவுக்கு வரும். ஆகஸ்டில் இந்த ஃபோண்டாவுக்குப் போனால், மதியச் சாப்பாடு முடிந்த மேசையில் மகள்கள் இருவரும் பக்கத்து வீட்டுப் பெண்களும் உட்கார்ந்து அக்ரூட் உரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பச்சை ஓட்டின் சாறு பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். உரித்த பருப்பைப் பாலில் போட்டு வைக்கிறார்கள். மறுநாள் காலையில் ஆட்டுப்பால் சீஸ், பால், கொஞ்சம் சர்க்கரை, ஒரு துளி ஹெரெஸ் ஒயின் சேர்த்து அரைக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு சட்டிதான் அரைப்பார்கள். அது தீர்ந்தால் அன்றைக்கு நொகாதா தீர்ந்தது.

சாப்பிடும்போது முதலில் நாக்கில் படுவது அந்தச் சாறுதான். ஆறியிருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். பாலின் இனிப்புக்குப் பின்னால் பச்சை அக்ரூட்டின் வாசம். அதற்கு அடியில் சுட்ட மிளகாயின் புகை. பிறகு பூரணம்: மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் கைக்கத்தியால் நறுக்கியது, மெஷினில் போட்டு கூழாக்கவில்லை. பழத்துண்டுகள் கரையாமல் கடிபடுகின்றன. பாதாமும் பைன் கொட்டையும் உலர் திராட்சையும் இடையிடையே வருகின்றன. மாதுளை முத்து உடையும்போது வரும் புளிப்பு மொத்த இனிப்பையும் தூக்கி நிறுத்துகிறது. இனிப்பும் கறியும் சேர்ந்தால் நமக்குச் சரிவருமா என்று தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு வாய் வேண்டாம், மூன்று வாய் சாப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது வாயில் எல்லாம் ஒன்றுசேரும்.

முட்டையை நுரைக்க அடித்து, அதில் மிளகாயைத் தோய்த்துப் பொரிக்க வேண்டுமா வேண்டாமா என்பது மெக்சிகோவில் குடும்பங்களுக்குள்ளேயே நடக்கும் வாக்குவாதம். புவெப்லாக்காரர்கள் பெரும்பாலும் தோய்க்க வேண்டும் என்ற கட்சி. சென்யோராவும் அப்படித்தான். நானும் அவர் பக்கம். அந்த மெல்லிய முட்டைப் போர்வை சாற்றை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. தோய்க்காத மிளகாயில் சாறு வழுக்கித் தட்டுக்கு இறங்கிவிடுகிறது. எண்ணெய் வடியாமல் பொரிப்பது பெரிய வேலை; இங்கே ஒரு தடவைகூட தட்டில் எண்ணெய் தேங்கி நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் பாராட்ட வேண்டும். பழைய செய்முறைகளில் அசித்ரோன் என்று ஒரு மிட்டாய்த் துண்டு சேர்ப்பார்கள். பிஸ்நாகா என்ற உருண்டைக் கள்ளியைச் சர்க்கரையில் ஊறவைத்துச் செய்வது அது. அந்தக் கள்ளி வளர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். இப்போது பாதுகாக்கப்பட்ட செடி, வெட்டி விற்பது சட்டப்படி குற்றம். ஆனாலும் சந்தையில் ரகசியமாகக் கிடைக்கிறது, சில இடங்களில் அதைப் பெருமையாகவே பரிமாறுகிறார்கள். இங்கே அதற்குப் பதில் சர்க்கரையில் ஊறிய அன்னாசி. ருசியில் ஒரு குறையும் இல்லை.

விலை, நான் கடைசியாகச் சாப்பிட்டபோது ஒரு மிளகாய்க்கு 280 பெசோ. தினச் சாப்பாடு 90 பெசோவுக்குக் கிடைக்கும் இடத்தில் இது அதிகமாகத் தெரியும். ஆனால் உரித்த புதிய அக்ரூட்டின் சந்தை விலையைக் கேட்டால் அப்படித் தெரியாது. நகர மையத்தில் சுற்றுலாக்காரர்களுக்கான ஓர் உணவகத்தில் இதைவிட அதிகம் கொடுத்து, ஏப்ரலில், ஒரு விருந்தாளிக்காக வாங்கினேன். க்ரீம் சீஸ் தூக்கலான கெட்டிச் சாறு, வேறு வகைக் கொட்டை, குளிர்பெட்டியிலிருந்து வந்த மாதுளை. வந்தவர் அதைச் சாப்பிட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்டார். எனக்கு வருத்தமாக இருந்தது. ஓர் ஊர் தன் கொண்டாட்டத்தை வருடம் முழுவதும் விற்றால், முதல்முறை வருகிறவர் அதன் நிழலை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

சுதந்திர நாளுக்கு முந்தைய இரவான செப்டம்பர் 15 அன்று இந்தக் கடை வேறு மாதிரி இருக்கும். வழக்கமாக மாலையில் மூடிவிடுபவர்கள் அன்று மட்டும் நள்ளிரவு தாண்டியும் திறந்திருப்பார்கள். ஊர்ச் சதுக்கத்தில் சுதந்திர முழக்கம் கேட்கப் போகிறவர்கள் போகும் முன்னும் வந்த பின்னும் பொசோலே என்ற சோளச் சூப் குடிக்க வருவார்கள். காகாவாசிந்த்லே என்ற பெரிய வெள்ளைச் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, தோல் நீக்கி, ஒவ்வொரு மணியின் முனையையும் கிள்ளி எறிகிறார்கள். அப்போதுதான் அது கொதிக்கும்போது பூவாக விரியும். பன்றித் தலைக்கறியோடு கொதித்த அந்தச் சாற்றில் முட்டைக்கோஸ் மாதிரி மெல்லியதாக அரிந்த லெட்டூஸ், முள்ளங்கி, வெங்காயம், ஓரெகானோ, எலுமிச்சை எல்லாம் அவரவர் விருப்பத்துக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். கோழி போட்ட பொசோலேயும் உண்டு. முன்பதிவு இல்லை, வரிசைதான். குழந்தைகளோடு போகிறவர்கள் எட்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள்.

மோலே என்ற மிளகாய்க் குழம்பைப் பற்றி ஒரு விஷயம். மோலே பொப்லானோ இந்த ஊரில் திருமணம், ஞானஸ்நானம், ஊர்த் திருவிழா எல்லாவற்றுக்கும் உரியது. சாந்தா ரோசா மடத்தில் சோர் அந்த்ரேயா தே லா அசுன்சியோன் என்ற கன்னியர் இதை உருவாக்கினார் என்று ஒரு கதை உண்டு. தலவேரா என்ற பளபளப்பான வண்ண ஓடுகள் சுவர் முதல் கூரை வரை பதித்த அந்தச் சமையலறையை இன்றும் போய்ப் பார்க்கலாம். இந்த ஃபோண்டாவில் மோலே அக்டோபர் 2, காவல் தூதர் திருநாளை ஒட்டிச் செய்கிறார்கள். அனால்கோ தேவாலயமே காவல் தூதர் பெயரில் இருப்பது. அப்புறம் இறந்தோர் நாளுக்கும் உண்டு. முலாத்தோ, ஆன்சோ, பசீயா என்ற மூன்று காய்ந்த மிளகாய்களைத் தனித்தனியாக எண்ணெயில் வாட்டி, எள், பாதாம், நிலக்கடலை, உலர் திராட்சை, வறுத்த நேந்திரம், கருக வறுத்த தோர்தியா, பட்டை, கிராம்பு, சோம்பு, கடைசியில் சாக்லேட். சாக்லேட் என்றதும் இனிப்புக் குழம்பு என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகச் செய்த மோலேயில் சாக்லேட் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். இங்கே தேட வேண்டியிருக்கிறது. கடைகளில் கிலோ கணக்கில் விற்கும் மோலே விழுதில் சர்க்கரை முந்திக்கொண்டு வரும். இதில் முதலில் மிளகாயின் கனமான வாசம், பிறகு எள், கடைசியில் தொண்டையில் ஒரு சூடு. வான்கோழித் துண்டின்மேல் ஊற்றி, வறுத்த எள் தூவி, சிவப்புச் சோற்றோடு தருகிறார்கள். வான்கோழி சிலசமயம் கொஞ்சம் வறண்டிருக்கும். அதைக் குறையாகச் சொல்ல வேண்டும்தான், ஆனால் தோர்தியாவால் மோலேயை வழித்துச் சாப்பிடும்போது அது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

நவம்பர் 1, 2 தேதிகளில் கடையின் ஒரு மூலையில் சென்யோராவின் கணவருக்கும் பெற்றோருக்கும் படையல் வைத்திருப்பார்கள். செம்பாசூசில் சாமந்தி, மெழுகுவத்தி, கோபால் என்ற மரப்பிசினின் தூபம், தண்ணீர், உப்பு, அவர்களுக்குப் பிடித்த உணவு. சாப்பிட வருகிறவர்களும் தங்கள் வீட்டில் இறந்தவரின் படத்தை அங்கே வைக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். என் அப்பாவின் சின்னப் படம் ஒன்றை நானும் வைத்தேன். அவருக்கு என்ன பிடிக்கும் என்று சென்யோரா கேட்டார். காபி என்றேன். ஒரு மண் குவளையில் பட்டையும் வெல்லமும் போட்ட காபி வந்து படத்துக்கு முன்னால் அமர்ந்தது. என் வருகைக்கான பில்லில் அது இல்லை.

அந்த நாட்களில் கிடைக்கும் ரொட்டியை மெக்சிகோ நகரத்தில் பான் தே முவெர்த்தோ என்பார்கள், இங்கே ஒஹால்த்ரா. மேலே எலும்பு வடிவில் மாவுத் துண்டுகள், ஆரஞ்சுப் பூ நீரின் வாசம், சிலவற்றில் எள், சிலவற்றில் சர்க்கரை. இவர்கள் ரொட்டி சுடுவதில்லை, பக்கத்து விறகடுப்பு பேக்கரியிலிருந்து வருகிறது. ஆனால் அதை நடுவில் பிளந்து, உள்ளே கோழியும் மோலேயும் வைத்துத் தருவது இவர்களுடைய வேலை. எனக்கு இந்தக் கடையில் இரண்டாவதாகப் பிடித்தது இதுதான். இனிப்பு ரொட்டிக்கும் மோலேயின் காரத்துக்கும் நடுவில் ஒரு சண்டையும் இல்லை. கூடவே வெல்லப் பாகில் வெந்த பூசணி, கலபாசா என் தாச்சா. பட்டையும் ஆரஞ்சுத் தோலும் போட்டு, தோலோடு வேகவைத்தது. குளிர்ந்த பாலை மேலே ஊற்றித் தருவார்கள்.

டிசம்பரில் என் அம்மா வந்திருந்தார். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மெக்சிகோப் பண்டிகைச் சாப்பாட்டில் அவரால் எதைச் சாப்பிட முடியும் என்று நான் ரொம்பக் கவலைப்பட்டேன். இங்கே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: சோறு பெரும்பாலும் கோழிச் சாற்றில் வேகும், பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கும், கேட்காமல் எதையும் சைவம் என்று நம்பக் கூடாது. சென்யோராவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அம்மாவை உட்காரவைத்து, ஒவ்வொரு சட்டியாகக் காட்டி, இது ஆகும், இது ஆகாது என்று கையாலேயே சொன்னார். அம்மாவுக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் அரை மணி நேரம் சமையலறையில் நின்றிருந்தார்கள்.

அம்மா சாப்பிட்டது இவை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய போசாதா கொண்டாட்ட நாட்களில், அதாவது டிசம்பர் 16 முதல் 24 வரை, தரும் போன்சே என்ற சூடான பழச்சாறு: தெஹோகோத்தே என்ற சின்ன மஞ்சள் பழம், கொய்யா, கரும்புத் துண்டு, புளி, செம்பருத்தி, பட்டை, வெல்லம் எல்லாம் பெரிய அண்டாவில் கொதித்தது. பெரியவர்களுக்கு அதில் ரம் ஊற்றித் தருவார்கள். வேண்டாம் என்றால் ஊற்றமாட்டார்கள். கிறிஸ்துமஸ் இரவுச் சாலட்: பீட்ரூட், ஹீக்கமா என்ற கிழங்கு, ஆரஞ்சு, நிலக்கடலை. புன்யுவேலோ என்ற பொரித்த பலகாரத்தை அம்மா தொடவில்லை, அதன் மாவில் முட்டை உண்டு. எனக்கு அது வெல்லப் பாகில் நனைந்து நொறுங்கும் அந்த நிமிடத்துக்காகவே டிசம்பர் வர வேண்டும். போன்சேயை அம்மா தினமும் கேட்டார். புளியும் வெல்லமும் சேர்ந்ததை அவருக்கு அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

எனக்கு டிசம்பர் என்றால் ரோமெரித்தோஸ். ரோஸ்மேரி போலத் தோன்றும் ஒரு கீரை, ஆனால் வேறு செடி. மெக்சிகோ நகரத்தின் தெற்கே த்லாவாக், சோசிமில்கோ பக்கம் பயிராகிறது. அடித்தண்டை நீக்கி, இளம் நுனியை மட்டும் கிள்ளி, மண் போகப் பல தண்ணீரில் அலச வேண்டும். மோலேயில் உருளைக்கிழங்கு, நோபால் கள்ளி, உலர்ந்த இறாலை இடித்து முட்டையோடு சேர்த்துச் சுட்ட அடைகள் எல்லாவற்றோடும் கொதிக்கவிடுகிறார்கள். கொஞ்சம் உப்புக் கரிக்கும் அந்தக் கீரை மோலேயின் கனத்தை வெட்டிவிடுகிறது. அலசாத கீரை பல்லில் மண் கடிக்கும். இங்கே ஒருபோதும் கடிக்கவில்லை. வெளியில் பார்க்க அழகில்லாத உணவு என்பதால் பல உணவகங்கள் இதைப் போடுவதே இல்லை. எனக்கு இது நொகாதாவுக்குச் சமமான மரியாதைக்கு உரியது.

பகலாவோவை மட்டும் இங்கே பரிந்துரைக்க மாட்டேன். உப்பிட்டு உலர்த்திய காட் மீனைத் தண்ணீர் மாற்றி மாற்றி ஒரு நாளுக்கும் மேல் ஊறவைத்து, தக்காளி, ஆலிவ், கேப்பர், பாதாம், மஞ்சள் மிளகாயோடு சமைப்பது. ஸ்பெயினிலிருந்து வந்து மெக்சிகோவின் கிறிஸ்துமஸ் இரவு மேசையில் நிரந்தரமாக அமர்ந்துவிட்டது. மீன் விலை ஏறியதால் இவர்கள் தரம் குறைந்த மீனை வாங்கத் தொடங்கிவிட்டார்களோ என்று தோன்றுகிறது. நான் சாப்பிட்ட இரண்டு டிசம்பரிலும் உப்பு தூக்கலாக இருந்தது, நாரும் அதிகம். அந்தப் பணத்துக்கு இன்னொரு தட்டு ரோமெரித்தோஸ் வாங்கலாம்.

ஜனவரி 6, மூவரசர் திருநாளுக்கான ரோஸ்கா என்ற வளைய ரொட்டியும் வெளியிலிருந்து வாங்கித் துண்டு போட்டு விற்பதுதான். காலையில் போனால் பரவாயில்லை, மாலையில் காய்ந்திருக்கும். ரோஸ்காவை நல்ல பேக்கரியில் நேரடியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ரொட்டிக்குள் ஒளித்து வைத்த பிளாஸ்டிக் குழந்தை உங்கள் துண்டில் வந்துவிட்டால், பிப்ரவரி 2 கந்தேலாரியா நாளில் எல்லோருக்கும் தமால் கொடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. அதற்கு இங்கே வந்துவிடுங்கள்.

எங்கள் பிரிவில் ரோஸ்கா வெட்டியபோது குழந்தை எனக்கு வந்தது. மறுநாளே ஆர்டர் கொடுத்தேன். கந்தேலாரியாவுக்கு முந்தைய இரவு இந்தச் சமையலறை தூங்குவதில்லை. தக்காளித்தோல் என்று அவர்கள் சொல்லும், தக்காளி போன்ற தொமாதீயோ என்ற பச்சைக் காயின் உலர்ந்த மேலுறையைத் தெகேஸ்கித்தே உப்போடு கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைச் சோள மாவில் விட்டுப் பிசைகிறார்கள். மாவு உப்புவதற்கு அது. பன்றிக் கொழுப்பை வெளுக்கும்வரை அடித்துச் சேர்க்கிறார்கள். ஒரு சிட்டிகை மாவைத் தண்ணீரில் போட்டு, மிதந்தால்தான் அடிப்பதை நிறுத்துவார்கள். சோளக் கதிர் உறையில் பரப்பி, நடுவில் மோலேயும் கோழியும், அல்லது மிளகாய்க் கீற்றும் சீஸும், அல்லது பச்சைச் சட்னியும் பன்றிக்கறியும் வைத்து மடித்து, உயரமான பாத்திரத்தில் நிற்கவைத்து ஆவியில் வேகவைக்கிறார்கள். திராட்சை போட்ட இளஞ்சிவப்பு இனிப்புத் தமாலும் உண்டு. வெந்த தமாலை உரித்தால் உறையில் மாவு ஒட்டாமல் வர வேண்டும், இங்கே வருகிறது. நல்ல இட்லியைப் பிட்டால் வருமே அந்தப் பதம். ஒன்று 22 பெசோ. சாக்லேட்டும் சோளமாவும் சேர்ந்த சம்புர்ராதோ ஒரு குவளை கூடவே வாங்காமல் வரக்கூடாது.

சைவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஒரு டஜனுக்குக் குறையாமல் முன்கூட்டிச் சொன்னால், பன்றிக் கொழுப்புக்குப் பதில் வெண்ணெய் போட்டு, மிளகாய்க் கீற்று சீஸ் தமாலைத் தனிப் பாத்திரத்தில் வேகவைத்துத் தருகிறார்கள். கொழுப்புப் போட்டதைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். சூடாகச் சாப்பிட்டால் அது பெரிதாகத் தெரியாது.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கபிரோதாதா என்ற இனிப்பு. காய்ந்த பொலீயோ ரொட்டியைப் பட்டை கிராம்பு போட்ட வெல்லப் பாகில் ஊறவைத்து, நிலக்கடலை, திராட்சை, உப்புச் சீஸ் அடுக்கியது. நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு துண்டுக்கு மேல் சாப்பிட முடியாது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ரொக்கம் மட்டும்தான் வாங்குவார்கள். திங்கட்கிழமை விடுமுறை. வழக்கமான நாட்களில் மதியம் ஒன்று முதல் ஐந்து வரை. நொகாதா மாதங்களில் இரண்டு மணிக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் உறுதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அனால்கோ தோட்டத்தில் சந்தை கூடுவதால் மேசைக்குக் காத்திருக்க நேரும். பரிமாற ஒரே பையன்தான், அவசரப்படுத்தாதீர்கள். ஆங்கிலம் பேசமாட்டார்கள், வெள்ளைப் பலகையைக் காட்டிக் கேட்டால் போதும். கந்தேலாரியாத் தமாலுக்கு ஜனவரி 25க்குள் பாதிப் பணம் கட்டி ஆர்டர் கொடுக்க வேண்டும். வாங்கப் போகும்போது மூடியுள்ள பெரிய பாத்திரமோ துணிப்பையோ கையோடு கொண்டுபோங்கள். அவர்கள் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்தால் வீடு வருவதற்குள் ஆவி தண்ணீராகி உறை நனைந்துவிடும்.